கர்மபூமியில் இளைஞர்: சிறைக்கும் குழுவுக்கும் இடையில்

விடுதலைப் போராட்டக் காலத்தில் தோன்றிய இந்திய நாவல்களை மொழி வேறுபாடு கருதாது ஒருசேர வைத்துப் பார்க்குமிடத்து, அவற்றுள் நாட்டுப்பற்றைச் சுமந்து வரும் மாந்தர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்களாகவே இருத்தலைக் காணலாம். நாடு என்னும் கருத்து அவர்கள்வழியே கதைக்குள் நுழைகின்றது. அவர்கள் கல்லூரியை விடுகின்றனர், தந்தையின் வீட்டைத் துறக்கின்றனர், கதர் உடுத்துகின்றனர், கூட்டங்களில் முழங்குகின்றனர், இறுதியில் சிறை செல்கின்றனர் அல்லது உயிர் நீக்கின்றனர். இந்த வரிசை பலமுறை திரும்பத் திரும்ப வந்ததால் நமக்கு இயல்பானதாகவே தோன்றத் தொடங்கிவிட்டது. திறனாய்வும் இவ்வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டு, தியாகம் என்னும் ஒற்றை அளவுகோலால் இளைய மாந்தரை அளந்து வந்துள்ளது.

நாட்டுக்காக உயிர் கொடுக்கும் இளைஞனை நம் நாவல்கள் நன்கு காட்டியுள்ளன. நாட்டில் நாள்தோறும் குடிமகனாக வாழும் இளைஞனை அவை எவ்வாறு காட்டியுள்ளன என்னும் வினா அதனினும் கடினமானது. கணக்குக் கேட்பது, விண்ணப்பம் எழுதுவது, மறுக்கப்பட்டால் மீண்டும் எழுதுவது, ஒரு தெருவின் குடிநீருக்காகவும் ஒரு பள்ளியின் கூரைக்காகவும் ஆண்டுக்கணக்கில் அலைவது ஆகிய இவற்றில் கதைச்சுவை குறைவு. எனினும் விடுதலை பெற்ற ஒரு நாட்டின் வாழ்வு இவற்றால்தான் நடைபெறுகின்றது. இவ்வினாவை முன்வைத்து, பிரேம்சந்தின் ‘கர்மபூமி’ (1932) என்னும் இந்தி நாவலை அணுக இக்கட்டுரை முற்படுகின்றது.

பிரேம்சந்த் தமிழ் வாசகர்க்கு அயலவர் அல்லர். ஆயினும் ‘கோதான்’ (1936) பெற்ற கவனத்தைக் கர்மபூமி பெறவில்லை. கட்டுக்கோப்புத் தளர்ந்தது, தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுந்தது, மாந்தர்தம் மனமாற்றங்கள் விரைவில் நிகழ்கின்றன என்று அந்நாவலின்மேல் குறைகள் சொல்லப்படுவதுண்டு. அவை பொய்யான குறைகள் அல்ல. ஆனால் ஊராட்சி, நகராட்சி, பள்ளி, நிலவரி, சிறை ஆகிய பொது நிறுவனங்கள் ஐந்தினையும் ஒரே கதைக்குள் கொணர்ந்து, அவை ஒவ்வொன்றின் வாயிலிலும் ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ நிறுத்திப் பார்த்த நாவல் அக்காலத்தில் இதனை யொத்தது பிறிதொன்று இருப்பதாகக் கூறுதல் அரிது. கலைநயத்தில் கோதானுக்கு இளையது. குடிமை வாழ்வு பற்றிய சிந்தனையில் அதனினும் மூத்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

நாவல் எழுந்த சூழலைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1930இல் உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டிலேயே பிரேம்சந்தின் துணைவியார் சிவராணி தேவி, இலக்குமணபுரியில் அயல்நாட்டுத் துணிக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள் விலை வீழ்ந்து, ஐக்கிய மாகாணத்து உழவர்கள் குத்தகையும் வரியும் செலுத்த இயலாது தவித்த காலமும் அதுவே. 1931 மார்ச்சில் காந்தி - இர்வின் உடன்பாடு ஏற்பட்டது. கைதும் விடுதலையும், மோதலும் பேச்சும் அடுத்தடுத்து நிகழ்ந்த இவ்விரண்டு ஆண்டுகளின் மூச்சு நாவலின் பக்கங்களில் கேட்கின்றது. பிரேம்சந்தோ அப்போது இளைஞர் அல்லர். 1921இல், நாற்பது வயதில், காந்தியடிகளின் கோரக்பூர் உரையைக் கேட்டபின் அரசுப்பணியைத் துறந்தவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர் இருபதை நோக்கி எழுதிய நூல் இது என்பதனை மறவாமல் வைத்துக்கொள்வது பயன்தரும்.

கட்டணம் கட்டும் நாள்

கர்மபூமி போர்க்களத்தில் தொடங்கவில்லை, கூட்டமேடையிலும் தொடங்கவில்லை. ஒரு பள்ளியில், சம்பளம் கட்டும் நாளில் தொடங்குகின்றது. கல்விக்கட்டணத்தைத் திரட்டுவதில் பள்ளிகள் காட்டும் கடுமையை நிலவரித் தண்டலோடு ஒப்பிட்டு ஆசிரியர் ஏளனம் செய்கின்றார். தாமதத்திற்குத் தண்டம், தண்டம் கட்டாவிடில் பெயர் நீக்கம். செல்வ வணிகர் லாலா சமர்காந்தின் மகனாகிய அமர்காந்த் கையில் பணமின்றி ஒதுங்கி நிற்கின்றான். தோழன் சலீம் அவனுக்காகக் கட்டுகின்றான்.

இத்தொடக்கத்தைக் கதைத்தலைவனை அறிமுகம் செய்யும் உத்தியாக மட்டும் கொண்டு கடந்துபோவது வழக்கம். ஆயின் நாவலின் கரு முழுவதும் இங்கே அடங்கியுள்ளது எனலாம். ஓர் இளைஞன் முதன்முதலாக அரசமைப்பினை எதிர்கொள்ளும் இடம் பள்ளி. அந்த இடம் அவனிடம் என்ன பேசுகின்றது? கட்டு, இல்லையேல் போ என்று பேசுகின்றது. பின்னர் மலையடிவாரத்துச் சிற்றூரில் மடாதிபதியின் ஆட்கள் உழவரிடம் பேசும் மொழியும் இதுவே. காசி நகராட்சி ஏழைகளிடம் பேசும் மொழியும் இதுவே. பள்ளிச் சம்பளம், குத்தகை, மனைநிலம் ஆகிய மூன்றும் ஒரே தண்டல் முறையின் மூன்று முகங்கள் என்பதனை எங்கும் விளக்கிச் சொல்லாமலே பிரேம்சந்த் உணர்த்திவிடுகின்றார். அமர்காந்த் பின்னாளில் கட்டணமில்லாப் பள்ளியொன்றை ஊரில் நடத்தும்போது இத்தொடக்கத்தின் பொருள் முழுமை பெறுகின்றது.

சுகதாவும் நகராட்சி நிலமும்

நாவலின் தலைவன் அமர்காந்த் என்று கொள்வதே வழக்கம். குடிமை வாழ்வு என்னும் கோணத்திலிருந்து நோக்கின், அவ்விடம் அவன் மனைவி சுகதாவுக்கு உரியது. செல்வத்தில் வளர்ந்தவள், கணவனின் கதர் மூட்டையையும் இலட்சியப் பேச்சையும் ஐயத்தோடு நோக்கியவள். அமர்காந்த் சகீனாவின்பால் கொண்ட ஈடுபாடு வெளிப்பட்டு, ஊரைவிட்டே அகன்ற பின்னர்தான் அவள் வீதிக்கு வருகின்றாள். கோயிலில் தாழ்த்தப்பட்டோர் தடுக்கப்பட்டுத் துப்பாக்கிச்சூடு நிகழும்போது, ஓடும் கூட்டத்தை நிறுத்தி முன்னே சென்று நிற்பவள் அவளே. கோயிற்கதவு திறக்கின்றது.

இது வீரச்செயல், இதனைப் பலரும் பாராட்டியுள்ளனர். ஆனால் அதன்பின் அவள் செய்வதே இங்கு நம் கவனத்துக்குரியது. ஏழைகள் வாழும் இருட்டறைகளைக் கண்ட அவள், குறைந்த வாடகைக்கு வீடு கட்டித்தரும் திட்டம் ஒன்றினை வகுக்கின்றாள். அதற்கு மனை வேண்டும். மனை நகராட்சியிடம் உள்ளது. நகராட்சியில் அமர்ந்து முடிவு செய்யும் பெரிய மனிதர்களாகச் சலீமின் தந்தை ஹாபிஸ் ஹலீமும் சேட் தனிராமும் விளங்குகின்றனர். அவள் கேட்கின்றாள், மறுக்கப்படுகின்றாள். உடனே அவள் சிறைக்குச் செல்லவில்லை. சலவைத் தொழிலாளர் முதலான உழைக்கும் மக்களின் சமூகத் தலைவர்களை ஒவ்வொருவராகத் தேடிச்சென்று வேலைநிறுத்தத்திற்கு இசைவு கேட்கின்றாள். அவர்கள் எழுப்பும் ஐயங்கள் நியாயமானவை. கூலி நின்றால் உண்பது எப்படி? மற்றவன் இணங்காமல் வேலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது? இவ்வுரையாடல்கள் கதையில் பரபரப்பை உண்டாக்குவன அல்ல. எனினும் பிரேம்சந்த் அவற்றை விட்டுவிடவில்லை. இந்திய நாவலில் ஓர் இளம்பெண் பொதுக்கருத்தினைத் திரட்டும் வேலையை அதன் அலுப்போடும் அவமானத்தோடும் காட்டிய பகுதிகளுள் இவை குறிப்பிடத்தக்கவை.

இதற்குமேல் நாவல் வேறு வேகம் கொள்கின்றது. சுகதா கைது செய்யப்படுகின்றாள். அவளைத் தொடர்ந்து தாய் ரேணுகா, சகீனாவின் பாட்டி, முதியவர் சமர்காந்த், பேராசிரியர் சாந்திகுமார் என்று ஒருவர்பின் ஒருவராகச் சிறைக்குச் செல்கின்றனர். இறுதியில் அமர்காந்தின் தங்கை நைனா ஊர்வலத்தை நகராட்சி நோக்கி நடத்துகின்றாள். அவளுடைய கணவனும் தனிராமின் மகனுமாகிய மணிராம் அவளைச் சுட்டுக்கொல்கின்றான். அவளது உடலைச் சுமந்துகொண்டு மக்கள் நகராட்சிக்குச் செல்கின்றனர், நிலம் வழங்கப்படுகின்றது.

உணர்ச்சி மிகுந்த இந்நிகழ்ச்சியில்தான் நாவலின் மிகப்பெரிய சிக்கல் உள்ளது. வாதத்தாலும் விண்ணப்பத்தாலும் கணக்காலும் பெறமுடியாத நிலம் ஒரு சடலத்தால் பெறப்படுகின்றது. கேட்டவள் சிறையில் இருக்கின்றாள். கிடைத்ததற்கு விலை கொடுத்தவள் உயிரோடு இல்லை. நகராட்சி உறுப்பினர்கள் மனம் மாறினார்களா, வெட்கினார்களா, அஞ்சினார்களா என்பது தெளிவாகவில்லை. அந்நிலத்தில் யார் வீடு கட்டுவர், யாருக்கு எம்முறையில் பகிர்ந்தளிப்பர், வாடகையை யார் தண்டுவர் என்னும் கேள்விகள் நைனாவின் ஈமத்தீயில் எரிந்துவிடுகின்றன. தியாகம் என்னும் அளவுகோல் இங்கே திறனாய்வாளனுக்கு உதவுவதில்லை. அவன் கண்ணை மறைக்கவே செய்கின்றது. நைனாவைப் போற்றிவிட்டு, சுகதாவின் திட்டத்தை மறந்துபோகச் செய்கின்றது.

இரண்டு பேச்சுகள்

அமர்காந்தின் கதை ஹரித்துவாரத்தை அடுத்த மலைப்பகுதியில், தோல்தொழில் செய்யும் ரைதாசர்களின் சிற்றூரில் தொடர்கின்றது. அங்கே அவன் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கின்றான்; அவர்களைக் குளிக்கச் செய்கின்றான்; கள், சாராயம், இறந்த மாட்டின் இறைச்சி ஆகியவற்றை விடுமாறு ஊராரைத் தூண்டுகின்றான். (இச்சீர்திருத்தத்தில் மேல்சாதித் தூய்மைக் கருத்து ஊடாடுவதை இன்றைய வாசகன் காணாதிருக்க இயலாது. பசித்தவனின் உணவைக் குற்றமாக்கும் இடத்தில் பிரேம்சந்தின் பார்வை அவர் காலத்துக்கு உட்பட்டதே.) விலைவீழ்ச்சியால் குத்தகை செலுத்த முடியாத நிலை வரும்போது, ஊரின் சார்பில் மடாதிபதியைக் காணச்செல்பவனும் அவனே. பொறுமை வேண்டும், முறையிட வேண்டும் என்பது அவன் நிலை. மடாதிபதியின் மாளிகையை முற்றுகையிட வேண்டும் என்பது ஆத்மானந்தரின் நிலை. மக்களின் ஆரவாரம் ஆத்மானந்தருக்கே கிடைக்கின்றது.

இந்நிலையில் சுகதா கைதான செய்தி அமர்காந்துக்கு எட்டுகின்றது. அதன்பின் அவன் நிகழ்த்தும் பேச்சில் பொறுமை என்னும் சொல்லுக்கே இடமில்லை, அனல் பறக்கின்றது. உழவர்களின் நிலையில் அதற்கிடையே மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. மாறியது அவன் மனம் மட்டுமே. தான் அற்பமாக எண்ணிய மனைவி தன்னை முந்திவிட்டாள் என்னும் உறுத்தல் அவனைப் பேச வைக்கின்றது. இதனைப் பிரேம்சந்த் மறைக்கவில்லை. பின்னர்ச் சிறையில் அமர்காந்த் தன்னையே விசாரித்துக்கொள்ளும்படியும் செய்கின்றார். இளைஞனின் பொதுவாழ்வில் கொள்கைக்கும் தன்முனைப்புக்கும் இடையிலுள்ள எல்லை எவ்வளவு மெல்லியது என்பதனை இதைவிடக் கூர்மையாகச் சொல்லுதல் கடினம். அவனுடைய சினத்துக்கு விலை கொடுத்தவர்கள் கூதடும் சலோனியும் அவ்வூர் எளியோருமே.

இவ்விடத்தில் தாகூரின் ‘கரே பாய்ரே’ (1916) நினைவுக்கு வருதல் இயல்பு. சுதேசி இயக்கத்தின்போது அயல்நாட்டுப் பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்றவேண்டும் என்று மாணவர்கள் நிலக்கிழார் நிகிலிடம் வற்புறுத்துகின்றனர். எளிய வணிகனுக்கு நேரும் இழப்பை எண்ணி அவன் மறுக்கின்றான். பஞ்சு என்னும் ஏழையின் மூட்டை தீக்கிரையாகும்போது நாட்டுப்பற்றின் செலவுக்கணக்கு யார்மேல் எழுதப்படுகின்றது என்பது தெளிவாகின்றது. சந்தீபின் சொல்லில் மயங்கிய இளைஞன் அமூல்யன் திருட்டுக்கும் துணிந்து, இறுதியில் கலவரத்தில் மடிகின்றான். தாகூர் இளைஞனின் வேகத்தை ஐயுறுகின்றார்; பிரேம்சந்த் அதனை நேசிக்கின்றார். ஆயினும் பிறர் முதுகில் ஏறி நிற்கும் வீரத்தை இருவருமே அடையாளம் கண்டுள்ளனர்.

சலீமின் அறிக்கை

நாவலில் இக்கட்டுரையாளருக்கு மிக முதன்மையாகத் தோன்றும் பகுதி, பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி. கவிதையும் விளையாட்டுப் பேச்சுமாகத் திரிந்த சலீம் உயர் அரசுப் பணியில் சேர்ந்து, அமர்காந்த் வாழும் பகுதிக்கே அதிகாரியாக வருகின்றான். நண்பனைத் தானே கைது செய்கின்றான். எதிர்த்து நின்ற முதியவள் சலோனியை அடிக்கவும் துணிகின்றான். அமர்காந்தின் தந்தை சமர்காந்த் அங்கு வந்து, அவனை அவள் குடிசைக்கு அழைத்துச் செல்கின்றார். அதன்பின் சலீம் உழவர்களின் பொருளாதார நிலையை நேரில் ஆராய்கின்றான். யாருக்கு எவ்வளவு விளைந்தது, என்ன விலைக்கு விற்றது, குத்தகை எவ்வளவு, மிச்சம் உண்டா என்பனவற்றைத் திரட்டி அரசுக்கு அறிக்கை அனுப்புகின்றான். அவ்வறிக்கை அவன் பதவியைப் பறிக்கின்றது.

பதவி போனதும் அவனும் போராட்டத்தில் குதித்துச் சிறை செல்வதால், அறிக்கை எழுதியது வெறும் இடைநிகழ்ச்சியாகத் தேய்ந்துவிடுகின்றது. மனமாற்றமே பெரிதாகப் பேசப்படுகின்றது. ஆனால் எண்ணிப் பார்ப்போமாக. அமர்காந்தின் அனல்பேச்சு உழவனைப் பற்றியது. சலீமின் அறிக்கை உழவனிடம் கேட்டு எழுதப்பட்டது. முன்னதற்குக் குரல்வளம் போதும். பின்னதற்குக் குடிசை குடிசையாக நடக்கும் கால்களும், காது கொடுக்கும் பொறுமையும், தான் சேர்ந்துள்ள அமைப்புக்கே உண்மையைச் சொல்லும் நேர்மையும் வேண்டும். அரசு அஞ்சியது எதற்கு என்று நோக்கினால், பேச்சாளனைச் சிறையில் இட்டால் போதும் என்று கருதிய அதே அரசு, அறிக்கை எழுதியவனைத் தன் அமைப்பிலேயே வைத்துக்கொள்ள இயலாது போனமை புலப்படும்.

இது பிரேம்சந்தின் வெறுங்கற்பனை அன்று. அக்காலத்தின் தலைசிறந்த இளைஞர் பணிகளுள் சில இவ்வகையினவே. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1929இல் குஜராத் வித்யாபீடத்தில் சேர்ந்தபின், அங்குள்ள மாணவர்களைக் கொண்டு கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் பொருளாதார நிலையை ஆய்வு செய்தார். அம்மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று குடும்பந்தோறும் வருவாயும் செலவும் கடனும் கேட்டு எழுதினர். அவ்வாய்வு 1931இல் நூலாக வெளிவந்தது. ஐக்கிய மாகாணக் காங்கிரசும் அதே ஆண்டில் உழவர் துயர் குறித்து விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட்டது. சிறை நிரப்பும் போராட்டம் ஒருபுறம் நடக்க, கணக்கெடுக்கும் போராட்டம் மறுபுறம் நடந்துகொண்டிருந்தது. நாட்டு வரலாற்று நூல்கள் முன்னதை விரித்துரைக்கின்றன. நாவலாசிரியர் பின்னதற்கும் ஒரு மாந்தனைப் படைத்தார் என்பதே கர்மபூமியின் தனிச்சிறப்பு. அம்மாந்தனை விரைவில் கைவிட்டார் என்பதே அதன் குறை.

குறையை அவர்மேல் மட்டும் ஏற்றுவது முறையாகாது. நாவல் என்னும் வடிவமே உச்சக்கட்டத்தை வேண்டி நிற்கின்றது. குமரப்பாவின் மாணவர்கள் ஒரு வீட்டுப்படி ஏறி இறங்கியதை எத்தனை பக்கம் எழுதமுடியும் என்று கேட்கலாம். ஆனால் சுகதா வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டிய பகுதியை எழுதமுடிந்த பேனாவுக்கு அதுவும் இயன்றிருக்கும்.

இறக்கும் நாயகர்

தமிழில் இதற்கு நேர்நிற்கும் நாவலாக நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மல’ரைக் கொள்ளலாம். கல்கி இதழில் தொடராக வந்து, அரவிந்தன், பூரணி என்னும் பெயர்களைத் தம் குழந்தைகளுக்கு வாசகர்கள் சூட்டும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்ற நூல் அது. விடுதலைக்குப் பின் எழுதப்பட்டது. எதிர்க்க அயலாட்சி இல்லை. ஆகவே இளைஞன் இனிக் குடிமகனாக வாழ்ந்து காட்டலாம் என்று எதிர்பார்க்கலாம். அரவிந்தன் அச்சகத்தில் வேலை செய்கின்றான். உயர்ந்த எண்ணங்களைக் குறித்து வைக்கின்றான். நோயுற்றோர்க்குத் தொண்டு செய்யப்போய் நோய்க்கே இரையாகின்றான். பூரணி திருமணம் ஆகாமலே கைம்மை நோன்பு பூணுகின்றாள். நாயகனைக் கொல்ல வெள்ளையன் இல்லாதபோது நோய் வந்து கொல்கின்றது. அரவிந்தன் வாழ்ந்து, நாற்பது வயதில் மதுரை நகராட்சியின் சுகாதாரக் கணக்கைக் கேள்வி கேட்பவனாக இருந்திருப்பின் வாசகர் தம் மகனுக்கு அவன் பெயரை வைத்திருப்பார்களா என்பது ஐயமே. இது நா.பா.வின்மேல் சொல்லும் குற்றமன்று. இளைஞனைத் தூய்மையோடு இறக்கவிட்டு வணங்கும் நம் வாசிப்புப் பழக்கத்தின்மேல் சொல்வது.

மகாசுவேதா தேவியின் ‘ஹஜார் சுராஷிர் மா’ (1974) இன்னும் ஒருபடி செல்கின்றது. கதை தொடங்குமுன்னரே மகன் பிரதி பிணவறையில் ஆயிரத்து எண்பத்து நான்காம் எண்ணாகக் கிடக்கின்றான். ஆனால் அங்கே ஆசிரியர் சாவை வணங்கவில்லை. மகன் எதற்காகச் செத்தான் என்று அறியாமல் அதே வீட்டில் தான் எப்படி வாழ்ந்தேன் என்று தாய் கேட்கின்றாள். வினாவின் முனை இறந்தவனிடமிருந்து இருப்பவர்கள்மேல் திரும்புகின்றது.

வரலாறு வேறுவிதமாகவும் நடந்துள்ளது. 1917இல் இராசாசி சேலம் நகராட்சித் தலைவரானார். 1923இல் ஜவகர்லால் நேரு அலகாபாத் நகராட்சியின் தலைமையை ஏற்றார். 1924இல் வல்லபாய் படேல் அகமதாபாத் நகராட்சியின் தலைமைக்கு வந்தார். அதே 1924இல் சுபாசு சந்திர போசு கல்கத்தா மாநகராட்சியின் தலைமைச் செயல் அலுவலராக அமர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. சாக்கடை, குடிநீர், தொடக்கப்பள்ளி, சாலைவிளக்கு ஆகியவற்றில் நாட்டுத்தலைவர்கள் தம் முதற்பயிற்சியைப் பெற்ற பத்தாண்டு அது. கர்மபூமி வெளிவந்த காலத்தில் இச்செய்திகள் யாவும் அண்மைச் செய்திகள். ஆயினும் போசு சிறைக்குச் சென்றதும் நாட்டைவிட்டுச் சென்றதும் மக்கள் நினைவில் நிலைத்துள்ளன. அவர் மாநகராட்சிக் கோப்புகளைப் பார்த்த மாதங்கள் நிலைக்கவில்லை.

குடியரசு இந்தியா இளைஞருக்குத் திறந்துள்ள வாயில்கள் அமர்காந்தின் தலைமுறை அறியாதவை. 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, கல்லூரி மாணவருக்கான நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அரசமைப்பின் அறுபத்தொன்றாம் திருத்தத்தால் 1989இல் வாக்குரிமை வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம், எழுபத்து நான்காம் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசமைப்புத் தகுதி அளித்தன. மக்களவைக்கு இருபத்தைந்து வயது வேண்டும் என்றிருக்க, இவற்றில் உறுப்பினராக இருபத்தொரு வயதே போதும் என்றும் வகுத்தன. சட்டம் இவ்வளவு தூரம் வந்துள்ளது. நலப்பணி முகாமில் மாணவர் ஓர் ஊரின் தெருவைப் பெருக்குகின்றனர், மரக்கன்று நடுகின்றனர். ஏழு நாளில் திரும்பிவிடுகின்றனர். அவ்வூரின் கிராமசபையில் அமர்ந்து வரவுசெலவைக் கேட்கச் செய்யும் முகாமை இக்கட்டுரையாளர் தம் ஆசிரியப் பணிக்காலத்தில் கண்டதில்லை. துடைப்பத்தைக் கொடுக்கத் தயங்காத நாம் கணக்கேட்டைக் கொடுக்கத் தயங்குகின்றோம். பாடநூல்களில் இடம்பெறும் இளைய நாயகர்கள் எவ்வகையினர் என்பதற்கும் இத்தயக்கத்துக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

குழுவின் வாயில்

கர்மபூமியின் முடிவு பலரால் கண்டிக்கப்படுவது. இத்தனை கைதுகளுக்கும் ஓர் உயிரிழப்புக்கும் பின்னர், அரசு உழவர் குறையை ஆராய ஐவர் குழுவை அமைக்கின்றது. சிறைப்பட்டோர் விடுவிக்கப்படுகின்றனர். அமர்காந்தும் சலீமும் குழுவில் இடம்பெறுவர் என்றும், எஞ்சிய மூவரை அவர்களே தெரிவு செய்யலாம் என்றும் சேட் தனிராம் செய்தி கொண்டுவருகின்றார். போராட்டம் சமரசத்தில் முடிந்துவிட்டது. இர்வின் உடன்பாட்டின் நிழல் நாவலைக் கெடுத்துவிட்டது என்பது கண்டனம்.

கண்டனத்தில் நியாயம் உண்டு. குழு என்பது பிரச்சினையை ஆறப்போடும் அரசின் பழைய உத்தி. செய்தி கொண்டுவருபவரோ நைனாவைக் கொன்றவனின் தந்தை. ஆயினும் இம்முடிவை வேறொரு பக்கமிருந்தும் நோக்கலாம். நாவல் முழுவதிலும் இளைஞர்கள் வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள். பள்ளி வாயிலிலும், கோயில் வாயிலிலும், மடாதிபதியின் வாயிலிலும், நகராட்சி வாயிலிலும் அவர்கள் நின்றனர். முதன்முறையாக ஓர் அறைக்குள் அமர்ந்து முடிவெடுக்க அழைக்கப்படுவது இங்கேதான். சலீம் திரட்டிய கணக்குகள் அரசின் கோப்பில் செத்துக் கிடந்தவை. அவை உயிர்பெறக்கூடிய இடம் அந்தக் குழுவின் மேசையே. ஆகவே பிரேம்சந்த் தவறான இடத்தில் கதையைக் கொண்டுபோனார் என்பதைவிட, சரியான இடத்துக்குக் கொண்டுவந்து அங்கே பேனாவை வைத்துவிட்டார் என்பதே பொருத்தம். ஆறாம் பாகம் ஒன்று இருந்திருப்பின், அது அக்குழுவின் கூட்டங்களைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். யார் சான்று கூறினர், மடத்தின் கணக்கர் எந்த ஏட்டை ஒளித்தார், அமர்காந்துக்குச் சினம் வந்தபோது சலீம் என்ன செய்தான் என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றிருக்கும்.

எஞ்சிய மூன்று இடங்களுக்கு அவர்கள் யாரை அழைத்திருப்பர்? குத்தகை கொடுக்க முடியாத கூதட் உண்டா? அடிபட்ட சலோனி உண்டா? நிலத்தை முதன்முதலில் கேட்டவளும், ஆள் திரட்டத் தெரிந்தவளும், மறுப்பைக் கேட்டுப் பழகியவளுமாகிய சுகதா அதே வேளையில் சிறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கின்றாள்.